மடிப்புக்கு மட்டும் தண்ணீர்

கள்ளக்குறிச்சியில் தையல் கடை வைத்திருப்பவர்களுக்கு ஜூன் என்றால் சீருடை மாதம். புதிதாகத் தைப்பதைவிடப் பிடித்துக் கொடுப்பதும், பிரித்து இறக்கிவிடுவதும்தான் அதிகம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளின் பேண்ட்டும் பாவாடையும் மூட்டையாகக் கீழே இறங்கி வரும். சில வருஷம் மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம், கோமுகி அணை, பரிகம் வழியாக நானே மேலே போய், உட்கார்ந்த இடத்திலேயே முடித்துக் கொடுத்ததும் உண்டு. இந்த வேலையில் தையலைவிட நேரம் தின்பது தேய்ப்பு. தேய்ப்பில் நேரம் தின்பது நாம் தெளிக்கிற தண்ணீர்.

எங்கள் தெரு முனையில் கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். நான் பாட்டிலால் புஸ் புஸ்ஸென்று அடிப்பதைப் பார்த்துவிட்டு, "துணிக்கு இன்னாத்துக்கும்மா இவ்ளோ தண்ணி? மடிப்புக்குத்தான தண்ணி?" என்றார். அவருடைய வண்டியில் பாட்டிலே கிடையாது. ஒரு கிண்ணத்தில் நனைத்த துணிச் சுருணை கிடக்கும். காலர், கை மணிக்கட்டுப் பட்டி, பட்டன் பட்டி என்று தேவையான இடத்தில் அதை ஓர் இழுப்பு இழுப்பார். அடுத்த நொடி பெட்டி அதன் மேல் போய்விடும். மற்ற இடங்களில் வெறும் சூடுதான். சட்டை முழுவதும் நனைந்து நான் பார்த்ததில்லை.

அவர் சொன்னதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். ஒரு சட்டையில் தாராளமாகத் தெளித்தால் 30 மில்லி தண்ணீர் ஏறிவிடும். அதைச் சூடாக்கி முழுக்க ஆவியாக்க, வீட்டில் இருக்கும் 750 வாட் பெட்டி இடைவிடாமல் எரிந்தாலும் 1 நிமிடம் 40 வினாடி ஆகும். அது சுருக்கம் எடுக்கும் நேரம் இல்லை, வெறுமனே தண்ணீரைக் காய வைக்கும் நேரம். மடிப்பில் மட்டும் 3 மில்லி தொட்டால் பத்து வினாடியோடு போயிற்று. மின்சாரமாக இருந்தால் யூனிட், கரியாக இருந்தால் கரி. பக்கத்துத் திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் பள்ளி மாணவியாக இருந்தபோதே சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். அதற்கு 2020-ல் சுவீடனின் குழந்தைகள் பருவநிலை விருது கிடைத்தது. 2021-ல் எர்த்ஷாட் விருதின் இறுதிப் பட்டியலுக்கும் வந்தார். அந்த நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலும் பேசினார். கரிப்புகை குறைய வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அப்படிச் சூரிய ஒளியைச் சேமிக்கிற பேட்டரியில் ஓடுகிற பெட்டி நாளை நம் தெருவுக்கு வந்தாலும், வீணாகத் தெளிக்கிற ஒவ்வொரு சொட்டும் அந்த பேட்டரியைத்தான் உறிஞ்சும்.

தண்ணீர் எதற்கு என்பது தெரிந்தால் அளவு தானாகப் பிடிபடும். பருத்தி இழை கசங்கியபடியே காய்ந்தால், உள்ளே இருக்கும் பிணைப்புகள் அந்தக் கோணலோடு இறுகிக்கொள்கின்றன. ஈரம் உள்ளே போனதும் அவை இளகுகின்றன. பெட்டியின் சூடும் எடையும் இழையை நேராக்குகின்றன. ஈரம் போனதும் பிணைப்புகள் அப்படியே இறுகுகின்றன. ஈரம் போவது வரை வேலை முடியவில்லை. அரை ஈரத்தோடு மடித்து அடுக்கிய சட்டை, மறுநாள் காலையில் அடுக்கின் சுருக்கத்தோடு எழுந்து வரும்.

சீருடைத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன். சாதாரணக் காற்றில் இருக்கும்போதே 100 கிராம் பருத்தி ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தை வைத்திருக்கும்; பாலியஸ்டர் அரை கிராம்கூடப் பிடிக்காது. ஆகவே கலப்புத் துணியில் அடிக்கிற தண்ணீரில் ஒரு பகுதி உள்ளே போகாமல் மேலேயே நின்று, பெட்டி பட்டதும் சீறிவிட்டுப் போகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நன்றாகத் தேய்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

பெரியவரின் துணிச் சுருணையில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது: கை நனைகிறது. அவருடையது கரிப்பெட்டி, மரக் கைப்பிடி. நனைந்த கையால் தொட்டால் ஒன்றுமில்லை. என்னுடையது மின்சாரப் பெட்டி. வயர் உரிந்த பெட்டிகளையும், எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கையும் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஈரக் கை அங்கே போகவே கூடாது. துணிச் சுருணைக்குப் பதில் ஸ்பாஞ்சை வைத்து, அதற்கு ஒரு பிடியும் போட வேண்டும் என்று தோன்றியது இதனால்தான்.

முதலில் கையில் எடுத்தது ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பின் பழைய கட்டைப் பிடி. ரப்பரை உரித்துவிட்டு அந்த இடத்தில் ஸ்பாஞ்சை வைத்துக் கட்டினால் போதும். இன்றைக்கும் புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது அதுதான். பிறகு மரச் சிற்பம் செய்யும் பட்டறை ஒன்றில் ஒரு வாகைத் துண்டைக் கடைந்து வாங்கினேன். கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அங்கே சாமி சிலை செதுக்கியது போக விழுகிற துண்டில் என் பிடி நாலைந்து செய்யலாம். கேட்டதும் அந்தத் தச்சர் சிரித்தார். ஆனால் முனையில் பள்ளம் எடுத்துக் கொடுத்ததில் தொழில் சுத்தம் இருந்தது.

அளவு சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பிடி. அடியில் 5 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம். ஸ்பாஞ்சு அதற்குள் பாதி இறங்கி, பாதி வெளியே நிற்க வேண்டும். 1 சென்டிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டினால் மடங்கிக்கொண்டு கோடு கோணலாகும். பசை போட்டு ஒட்டாதீர்கள், நனைந்து நனைந்து விட்டுவிடும். சைக்கிள் டியூபில் மெல்லிசாக வெட்டிய வளையம் பிடித்துக்கொள்ளும். இரும்பு ஆணி அடிக்கவே கூடாது. வெள்ளைச் சட்டையில் துருக்கறை விழுந்தால் அதை எடுப்பது இன்னொரு நாள் வேலை.

ஸ்பாஞ்சு எது என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். மெத்தைக் கடையில் சும்மா கிடைக்கிற ஃபோம் துண்டு எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அது தண்ணீரைப் பிடித்து வைக்காது, அழுத்தினால் கொட்டும். சூடான பெட்டியில் தவறிப் பட்டால் உருகி அடித்தகட்டில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். பாத்திரக் கடைகளில் கிடைக்கும் செல்லுலோஸ் ஸ்பாஞ்சுதான் சரி: காய்ந்தால் அட்டை மாதிரி விறைக்கும், நனைந்தால் உப்பும், ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மலையில் ஓர் அக்கா பீர்க்கங்கூட்டை வெட்டிக் கொடுத்தார். உடம்பு தேய்க்க அதைவிட நல்லது கிடையாது, துணிக்கு ஆகாது. நார் முரடு, தண்ணீரும் நிற்காது. எந்த ஸ்பாஞ்சாக இருந்தாலும் மேலே மெல்லிய மல் துணியைப் போர்த்திக் கட்டினால் ஈரம் சீராக இறங்கும்.

நனைக்கும் விதமும் முக்கியம். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கினால் பாட்டிலுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஒரு தட்டில் பழைய துண்டை நாலாக மடித்து நனைத்து வையுங்கள். ஸ்டாம்ப் பேடில் ஒற்றுவதுபோல ஸ்பாஞ்சை அதில் ஒற்றி எடுங்கள். அளவு சரியா என்று பார்க்க, பழைய தினத்தாளில் ஒரு கோடு இழுங்கள். கோடு தெரிய வேண்டும், அடியிலிருக்கும் தாளுக்கு இறங்கக் கூடாது.

இப்போது பேண்ட். உள் தையலையும் வெளித் தையலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பலகையில் கிடத்துகிறேன். முன் மடிப்பு விழும் ஓரத்தில், கால் விளிம்பிலிருந்து தொடைவரை ஸ்பாஞ்சால் ஒரே இழுப்பு. நிறுத்தி நிறுத்தி இழுத்தால் நிறுத்திய இடத்திலெல்லாம் வட்டம் விழும். மேலே மல் துணியைப் போடுகிறேன். பெட்டியை இழுக்காமல் வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்கிறேன். இழுத்தால் துணி நகர்ந்து பக்கத்தில் இன்னொரு மடிப்பு விழும். இரட்டைக் கோடு போட்ட பேண்ட்டை ஊரில் நிறையப் பார்க்கலாம். லேபிளில் பெட்டிப் படத்துக்குள் இரண்டு புள்ளி இருந்தால் 150 டிகிரி வரை போகலாம், கலப்புத் துணிக்கு அதுதான் எல்லை. மூன்று புள்ளி, அதாவது 200 டிகிரி, பருத்திக்கும் லினனுக்கும். பெட்டியை எடுத்த பிறகு சூடு ஆறும்வரை பேண்ட்டைத் தொடக் கூடாது. பாலியஸ்டர் மடிப்பைப் பிடித்துக்கொள்வது ஆறும்போதுதான். கடையில் வேலை கற்றுக்கொள்ள வருகிற பெண்களுக்கு இதை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் போதாது, சூட்டோடு தூக்கி ஹேங்கரில் மாட்டிவிடுவார்கள்.

தைக்கும்போது தையலைப் பிரித்துப் படிய வைக்கும் இடத்தில் இந்தப் பிடிக்கு ஈடு கிடையாது. உள்பக்கம் தையல் பள்ளத்தில் மட்டும் ஈரக் கோடு, நகத்தால் ஓர் உரசு, பெட்டியின் மூக்கால் ஒரு தொடல். வெளிப்பக்கம் துணிக்கு ஈரமே தெரியாது.

மலைப் பிள்ளைகளின் துணியில் அடிக்கடி வருவது இன்னொன்று. போன வருஷம் மடித்துத் தைத்த கால் விளிம்பை இந்த வருஷம் இறக்கிவிட வேண்டும், பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். தையலைப் பிரித்தால் பழைய மடிப்பு கோடாக நிற்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஸ்பாஞ்சை அதில் ஒற்றி, அந்தக் கோட்டில் மட்டும் இழுத்து, மல் துணி போட்டு அழுத்தினால் மடிப்பு பெரும்பாலும் போய்விடும். சாயம் போகிறதா என்று முதலில் உள்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். மடிப்போடு துணியே தேய்ந்து வெளுத்திருந்தால் வினிகர் ஒன்றும் செய்யாது. அதன் மேல் ஒரு நாடா வைத்துத் தைப்பதுதான் வழி. இந்த வேலைக்குத் தனி ஸ்பாஞ்சு வைத்திருக்கிறேன்.

கீழேயும் மேலேயும் தண்ணீர் அளவு ஒன்றல்ல. ஏப்ரலில் கள்ளக்குறிச்சியில் ஃபேனுக்கு அடியில் தேய்த்தால், போட்ட கோடு பெட்டி வருவதற்குள் காய்ந்துவிடும். ஓர் அடி நீளத்துக்கு ஒரு கோடு, உடனே பெட்டி என்று போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு போகும்; கொடியில் கிடந்த துணி எடுக்கும்போதே ஈரமாக இருக்கும். அங்கே பருத்திக்குத் தண்ணீரே வேண்டியதில்லை, பேண்ட் மடிப்புக்கு மட்டும் ஓர் இழுப்பு போதும்.

தண்ணீரின் குணத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் தெரு போர்த் தண்ணீரில் ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் வைத்தால் வெள்ளை வளையம் நிற்கும். அதே வளையம் கருநீலப் பாவாடையிலும் விழும். ஸ்டீம் பெட்டியின் ஓட்டைகள் அடைபடுவதும் இந்த உப்பினால்தான். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இதற்கு நல்லது; இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். செலவாவது ஒரு டம்ளர்தான்.

எல்லாத் துணிக்கும் இதைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கஞ்சி போட்ட எட்டு முழ வேட்டி, கைத்தறிச் சேலை இவற்றுக்குப் பழைய வழியே மேல்: கையால் தண்ணீர் தெளித்து, இறுக்கிச் சுருட்டி, ஒரு மணி நேரம் துண்டில் பொதிந்து வைத்துவிட்டுத் தேய்ப்பது. ஈரம் எல்லா இடமும் பரவ வேண்டிய துணி அது, கோடு போட்டு மாளாது. எங்கள் பக்கம் மரவள்ளி விளைகிற மண், ஜவ்வரிசிக் கஞ்சிதான் வழக்கம். கஞ்சித் துணியில் ஓரிடத்தில் மட்டும் ஸ்பாஞ்சை அழுத்தினால் அங்கே கஞ்சி இளகிப் பெட்டியில் ஒட்டும், பிறகு வெள்ளையாக உதிரும்.

பட்டுக்கு நேரடியாகத் தண்ணீரே காட்டக் கூடாது. சொட்டு பட்ட இடம் வட்டமாகத் தெரியும், ஜரிகையும் கறுக்கலாம். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு வருகிற திருநங்கையர் சிலர் பட்டுச் சேலைகளைத் தேய்க்கக் கொண்டுவருவார்கள். சூட்கேஸில் மடித்து வந்த சேலை, அன்று மாலையே கட்ட வேண்டும். அப்போது ஸ்பாஞ்சு படுவது மல் துணியின் மேல்தான். அந்த ஈர மல்லைச் சேலையின் உள்பக்கத்தில் விரித்து, ஒரு புள்ளிச் சூட்டில், 110 டிகிரிக்குள், மேலோட்டமாக ஒற்றி எடுக்க வேண்டும். ஜரிகைக் கரைக்குக் காய்ந்த துணி மட்டும்.

ஸ்பாஞ்சைப் பராமரிப்பது பெரிய வேலையில்லை, ஆனால் விட்டால் நாறும். வேலை முடிந்ததும் பிடியிலிருந்து கழற்றிப் பிழிந்து வெயிலில் போடுங்கள். மரப் பிடியையும் கவிழ்த்து வையுங்கள். மழைக்காலத்தில் மலையில் வெயிலை நம்ப முடியாது, இரண்டு நாளில் கரும்புள்ளி வந்துவிடும். அதற்கு முன்பே கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து அடுப்பு மேட்டில் உலர்த்தினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். புள்ளி வந்ததை வெள்ளைத் துணிப் பக்கம் கொண்டுபோகாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு ஸ்பாஞ்சை வாங்கிக் குறுக்கே வெட்டினால் நாலைந்து துண்டு தேறும்.