பைக்குள் அடங்கும் துப்பாக்கி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவர், தனி உரிமம் எதுவும் வாங்காமலே கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து வெளியே எடுத்துச் செல்லலாம். அங்கெல்லாம் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எதை வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் வாங்குபவர் முடிவு. முதன்முதலாக வாங்கப் போகிறவர் பலரின் கண் கால்சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் குட்டித் துப்பாக்கிகள் மீதுதான் விழுகிறது. 2008-இல் ரூகர் நிறுவனம் வெளியிட்ட எல்சிபி பிஸ்டல் தோட்டா இல்லாமல் சுமார் 270 கிராம். ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வர் சுமார் 400 கிராம். இவற்றைப் பற்றி நண்பர்கள் நடுவிலும் கடைகளிலும் உலவும் சில நம்பிக்கைகள் உயிருக்கே உலை வைப்பவை. அங்கே வாழும் நம்மவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை என்பதால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: சின்னத் துப்பாக்கிதான் புதியவர்களுக்கும் பெண்களுக்கும் ஏற்றது.

உண்மை: நேர்மாறு. தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அந்த உதையை வாங்கிக்கொள்வது துப்பாக்கியின் எடைதான். எடை குறைந்தால் உதை கைக்கு வந்துவிடும். 642-இல் .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் ஐந்தையும் சுட்டு முடிப்பதற்குள் பலருக்கு உள்ளங்கை எரியத் தொடங்கிவிடும். அடுத்த முறை உதைக்குப் பயந்து, ட்ரிகரை இழுக்கும்போதே கை தானாகக் கீழே அமுக்கும், குறி தவறும். பிடி குட்டையானது என்பதால் எல்சிபியைப் பிடிக்கும்போது சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்காது. 642-இன் குழல் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு. குறிபார்க்கும் முனைகள் இரண்டும் நெருக்கமாக இருப்பதால் கையின் சிறு நடுக்கமும் இலக்கில் பெரிய விலகலாகிவிடும்.

பிஸ்டலின் மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுப்பதும் அப்படித்தான். உருவம் சிறுத்தால் பிடித்து இழுக்க இடம் குறைகிறது. லேசான ஸ்லைடை அடக்கக் கடினமான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. கையில் வலு குறைந்தவர்களுக்காகவே ஸ்மித் அண்ட் வெஸன் 2018-இல் .380 இஇசட் என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தது. எல்சிபி சுடும் அதே .380 தோட்டாதான், ஆனால் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எளிதாக இயங்க வேண்டும் என்பதற்காகவே அதைப் பெரிதாகச் செய்தார்கள். குட்டித் துப்பாக்கி கைதேர்ந்தவர்களுக்கு உரியது. வாங்குவதற்கு முன், சுடும் பயிற்சிக்கூடத்தில் வாடகைக்கு எடுத்து ஒரு பெட்டித் தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை 2: பைக்குள் அப்படியே போட்டுக்கொள்ளலாம், ஹோல்ஸ்டர் எதற்கு?

உண்மை: பிளாக்ஸிகோ பர்ரஸ் கதையைக் கேளுங்கள். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம். 2008 நவம்பரில் மன்ஹாட்டனில் ஓர் இரவு விடுதிக்குப் போனபோது, கிளாக் பிஸ்டலை ஹோல்ஸ்டர் இல்லாமல் கால்சட்டையின் இடுப்புப் பட்டியில் செருகியிருந்தார். அது நழுவிக் காலுக்குள் இறங்கியது. பதறிப்போய்ப் பிடிக்க முயன்றபோது வெடித்துத் தொடையைத் துளைத்தது. சிறையில் அடைபட்டதோடு விளையாட்டு வாழ்க்கையில் சில ஆண்டுகளையும் இழந்தார்.

ஹோல்ஸ்டரின் முதல் வேலை ட்ரிகரை முழுவதுமாக மூடி வைப்பது. இரண்டாவது வேலை, துப்பாக்கி பைக்குள் புரளாமல் ஒரே நிலையில் நிற்கச் செய்வது. எல்சிபியின் மூல வடிவத்தில், தவறிச் சுடாமல் தடுக்கக் கையால் போடும் பூட்டு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். துப்பாக்கி இருக்கும் பையில் சாவி, சில்லறை, பேனா எதுவும் இருக்கக் கூடாது. துப்பாக்கியை வெளியிலேயே ஹோல்ஸ்டரில் செருகி, பிறகு இரண்டையும் சேர்த்துப் பைக்குள் வைக்க வேண்டும். பைக்குள் சேரும் பஞ்சும் தூசியும் உறுப்புகளின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அடிக்கடி துடைப்பதும் அவசியம்.

நம்பிக்கை 3: கைப்பையில் வைத்தால் இன்னும் பாதுகாப்பு.

உண்மை: உடலை விட்டு விலகிய துப்பாக்கி யார் கைக்கும் போகும். 2014 டிசம்பர் இறுதியில் ஐடஹோ மாநிலத்தில் ஓர் இளம் தாய் குழந்தைகளோடு பேரங்காடிக்குப் போயிருந்தார். அவரிடம் இருந்தது, துப்பாக்கி வைப்பதற்கென்றே தைக்கப்பட்ட, ஜிப் வைத்த அறை கொண்ட கைப்பை. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகனின் கை அதற்குள் போனது. சுடப்பட்ட தாய் அங்கேயே இறந்துபோனார். தாய் முரட்டுத்தனமாக எதுவும் செய்துவிடவில்லை. கைப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். குழந்தை உள்ள வீட்டில் இந்த ஒரு பாடம் போதும்.

நம்பிக்கை 4: ரிவால்வர் சிக்கவே சிக்காது.

உண்மை: பைக்கு ரிவால்வர் பொருத்தமானதுதான். ஸ்லைடு இல்லை, தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி ட்ரிகரை இழுத்தால் அடுத்த தோட்டா வரும். 642 போன்றவற்றில் தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஹேமர் உள்ளே மறைந்திருப்பதால் எடுக்கும்போது துணியில் மாட்டாது. ஆனால் மிகவும் லேசான ரிவால்வரில் ஒரு கோளாறு உண்டு. பலமான தோட்டாவைச் சுடும்போது ஏற்படும் உதையில், மிச்சமிருக்கும் தோட்டாக்களின் ஈயமுனை உறையிலிருந்து மெல்ல முன்னே நகரும். அது சிலிண்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடும். பிஸ்டலில் சிக்கினால் ஸ்லைடை இழுத்துச் சரிசெய்யலாம். இங்கே நின்ற இடத்தில் சரிசெய்வது கடினம். எந்தத் துப்பாக்கியானாலும், நீங்கள் வைத்திருக்கப்போகும் அதே ரகத் தோட்டாவைச் சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது.

நம்பிக்கை 5: .22 தோட்டா ஆளைக் கொல்லாது, மிரட்டுவதற்குப் போதும்.

உண்மை: 1968-இல் ராபர்ட் கென்னடியைக் கொன்றது .22 ரிவால்வர். 1981-இல் அதிபர் ரீகனைச் சுட்டதும் .22 தான். காரில் பட்டுத் தெறித்த தோட்டா அவர் நுரையீரலுக்குள் போய், இதயத்துக்கு மிக அருகில் நின்றது. அதே சூட்டில் தலையில் காயம்பட்ட பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடி வாழ்நாள் முழுதும் முடங்கினார். 2014-இல் அவர் இறந்தபோது, மரண விசாரணை அதிகாரி அதைக் கொலை என்றே பதிவு செய்தார்.

சிறிய தோட்டாவும் கொல்லும். ஆனால் தாக்க வருபவரை உடனே நிறுத்தும் என்று சொல்ல முடியாது. 1986-இல் மயாமியில் தன் அதிகாரிகள் சிக்கிய துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ தோட்டாக்களை ஜெல் கட்டியில் சுட்டுச் சோதிக்கத் தொடங்கியது. 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்பது அதன் அளவுகோல். குட்டைக் குழலிலிருந்து வரும் .380 தோட்டாக்களில் பலவற்றுக்கு அந்த அளவை எட்டுவதும், எட்டும்போது விரிவதும் ஒருசேர அமைவதில்லை. மிரட்ட என்று எடுத்துக் காட்டுவதோ பெரும்பாலான இடங்களில் தனிக் குற்றம்.

நம்பிக்கை 6: ஒரு மாநிலத்தில் சட்டப்படி சரி என்றால் எங்கும் சரி.

உண்மை: பர்ரஸைச் சிறைக்கு அனுப்பியது காயமல்ல, நியூயார்க்கில் செல்லுபடியாகும் உரிமம் அவரிடம் இல்லை என்பதுதான். 2022-இல் உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில், தற்காப்புக்காகப் பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு உரிமை என்று தீர்ப்பளித்தது உண்மை. ஆனாலும் நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் பிற மாநில உரிமத்தை ஏற்பதில்லை. டெக்சாஸில் சட்டப்படி நடப்பவர் மாநில எல்லையைத் தாண்டியதும் குற்றவாளி ஆகிவிடலாம்.

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள், செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளுக்குள் வராவிட்டால், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இன்னொன்று: பயிற்சிக்கு எடுத்துப் போன பையையே ஊருக்கும் எடுத்து வராதீர்கள். பையின் அடியில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா இந்திய விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். அப்படி மாட்டிக்கொண்டு, தெரியாமல் வந்துவிட்டது என்று நிரூபிக்க நீதிமன்றம் ஏறி இறங்கியவர்கள் பலர்.

நம்பிக்கை 7: துப்பாக்கி ஒன்று இருந்தாலே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

உண்மை: 2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,000 பேர். அவர்களில் சுமார் 27,000 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். வீட்டில் யாராவது மனச்சோர்விலோ விரக்தியிலோ இருக்கும்போது கைக்கெட்டும் துப்பாக்கிதான் மிகப் பெரிய ஆபத்து. குட்டித் துப்பாக்கி விஷயத்தில் இது இன்னும் கூடுதல்: கால்சட்டையை மாற்றும்போது அது மேசை மீதும் தலையணை அடியிலும் போய்ச் சேரும். பையை விட்டு வெளியே வந்தால் அதற்கு ஒரே இடம் பூட்டிய இரும்புப் பெட்டிதான்.

அளவு சிறுத்ததால் பொறுப்பு சிறுக்கவில்லை. மாதம் ஒருமுறையாவது பயிற்சிக்குப் போக நேரமும், நல்ல ஹோல்ஸ்டரும், வீட்டில் பூட்டும் பெட்டியும், உங்கள் விசாவும் மாநிலமும் அனுமதிக்கிறதா என்ற தெளிவும் இருந்தால் மட்டும் கடைக்குப் போங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். வாங்காமல் இருப்பதே உங்கள் குடும்பத்துக்குப் பாதுகாப்பு.