நலவாழ்வுப் பாடம்: சினைப்பை நீர்க்கட்டி – வலியும் எடையும்



கோவில்பட்டி வட்டாரத்தில் மகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால், "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்பார்கள். கல்யாணமாகிக் குழந்தை தாமதித்தால் பழி அவள்மேல்தான் விழும். இது அவள் செய்த தவறல்ல, ஒரு நோய்.

1. இது என்ன?

பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்நோயை 1935-ல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெயின், லெவன்தால் விவரித்தனர். 'கட்டி' என்றாலும் இவை கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுபோன சிறு முட்டைப்பைகள். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அதிகம் சுரக்கிறது; அதனால் ஆண் ஹார்மோன் கூடுகிறது. முகத்தில் ரோமம், பரு, கழுத்தின் பின்புறம் கறுத்தல் ஆகியவை அடையாளங்கள். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் 100-க்கு 10 முதல் 13 பேருக்கு இது உண்டு. ஒல்லியானவர்களுக்கும் வரும்.

2. வலி

மாதக்கணக்கில் தள்ளிப்போகும்போது கர்ப்பப்பையின் உட்சவ்வு தடிக்கிறது. பிறகு வரும் விலக்கில் உதிரப்போக்கும் வலியும் அதிகம். வெந்நீர் ஒத்தடம் உதவும். வலி மாத்திரையை மருத்துவர் சொன்னபடி, சாப்பிட்டபின் விழுங்குங்கள். மாதாமாதம் கடும் வலி இருந்தால் வேறு காரணம் தேடவேண்டும். திடீர் வலியோடு வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

3. எடை

எடை கூடியவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு விலக்கு சீராகிறது. 70 கிலோ உள்ளவருக்கு இது மூன்றரை முதல் ஏழு கிலோதான். பட்டினி வேண்டாம். மூன்று வேளையும் அரிசி என்பதை மாற்றி, நம் கரிசல்காட்டுக் கம்பு, சோளம், குதிரைவாலியைப் பயறு, காய்கறியோடு அளவாகச் சாப்பிடலாம். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கடலைமிட்டாயிலும் வெல்லம் உண்டு. ஒரு துண்டு போதும். தீப்பெட்டி ஆபீசில் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் அடிக்கடி எழுந்து நடக்கவேண்டும். வாரத்தில் 5 நாள், 30 நிமிடம் வேகமாக நடப்பது நல்லது.

4. எப்போது மருத்துவரிடம்?

பெரியவளான முதல் ஆண்டில் ஒழுங்கின்மை இயல்பே. அதன்பின் 90 நாட்களுக்கு மேல் விலக்கு வராவிட்டால் காட்டுங்கள். கவனிக்காமல் விட்டால் கர்ப்பப்பைப் புற்றுநோய் அபாயமும், சர்க்கரை நோயும் கூடும். தகுந்த மாத்திரைகள் உள்ளன, பெரும்பாலோர் தாயாகிறார்கள்.

தாய்மாரே, மகளின் உடம்பைக் கேலி செய்யாதீர்கள். அவளோடு நீங்களும் நடக்கக் கிளம்புங்கள்.