பிறவாத குழந்தையின் இருதயம்



இந்த இதழின் மருத்துவப் பாடத்தில், தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தையின் இருதயத்தைத் தூரத்திலுள்ள டாக்டர் பரிசோதிப்பது எப்படி என்று பார்ப்போம்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு இருதயக் குறை இருக்கிறது. பல சிறு துவாரங்கள் தாமாகவே மூடிவிடும். ஏறக்குறைய நாலில் ஒன்று, முதல் வருஷத்திலேயே சிகிச்சை தேவைப்படும் கடுமையான குறை.

மறைந்திருப்பது ஏன்?

வயிற்றிலுள்ள குழந்தைக்குப் பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து கிடைக்கிறது. அதன் நுரையீரலுக்கு இன்னும் வேலையில்லை. ஆகவே இருதயம் பழுதாயிருந்தாலும் குழந்தை நன்றாக வளரும். பிறந்த சில நாட்களில், பெரிய இரத்தக்குழாய்கள் இரண்டை இணைக்கும் 'டக்டஸ்' என்ற சிறு குழாய் மூடிக்கொள்ளும். அதையே நம்பியிருந்த குழந்தை அப்போது திடீரென நீலம் பாய்ந்து துவண்டுவிடும். அந்தக் குழாயை மூடாமல் வைத்திருக்க 'புரோஸ்டாகிளான்டின்' என்ற மருந்து உண்டு. ஆனால் குறை இன்னதென்று முன்பே தெரிந்திருந்தால்தான் அதை உடனே கொடுக்க முடியும்.

என்ன பார்க்கிறார்கள்?

கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரத்திற்குள் ஸ்கேனில் இருதயத்தின் நான்கு அறைகளைப் பார்ப்பார்கள். அது மட்டும் போதாது. பெரிய இரத்தக்குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருந்தாலும் நான்கு அறைகள் சரியாகவே தோன்றலாம். ஆகவே குழாய்கள் புறப்படும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

தாய்க்குச் சர்க்கரை வியாதி இருந்தாலும், முந்தின பிள்ளைக்கு இருதயக் குறை இருந்தாலும், அக்காள் மகளை மணப்பது போன்ற நெருங்கிய உறவுத் திருமணமானாலும் ஆபத்து கூடுதல். ஆயினும் இவை எதுவும் இல்லாத தாய்மாருக்கே இத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் பிறக்கின்றன. எனவே எல்லாத் தாய்மாருக்கும் இந்தப் பரிசோதனை தேவை.

தூரம் தடையல்ல

உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ ஸ்கேன் எடுக்கலாம். சிசுவின் இருதயத்தைத் தேர்ந்து சொல்லும் நிபுணர் பெருநகரத்தில்தான் இருப்பார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமப் பார்வை மையங்களிலிருந்து நோயாளிகளை நகரத்து டாக்டருடன் இணைத்து வழிகாட்டியிருக்கிறது. இருதயமோ நிமிஷத்திற்கு 120 முதல் 160 முறை துடிப்பது. ஆகவே அசையும் படத்தையே அனுப்ப வேண்டும். படம் எடுப்பவரின் கை தேர்ந்ததாயிராவிட்டால் நிபுணராலும் பயனில்லை. எனவே கருவிக்குச் செலவிடும் அளவுக்குப் பயிற்சிக்கும் செலவிட வேண்டும்.

1994-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது. பதிவு பெற்ற இடத்தில்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும். பெண் சிசுக்களுக்காகக் கண்ணீர் சிந்திய நம் மாவட்டத்தில் இதை உண்மையாய்க் கைக்கொள்ளுவோம்.

கண்டபின் என்ன?

கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. பிரசவம் எங்கே, யார் ஏற்றுக்கொள்வார்கள், பணத்திற்கு என்ன வழி என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேச வேண்டும். கேரள அரசு 2017-இல் தொடங்கிய 'ஹிருத்யம்' திட்டத்தில், இருதயக் குறையுள்ள பிள்ளையின் பெயரைப் பதிவு செய்து அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்கிறார்கள். அப்படிப்பட்ட சங்கிலி இல்லாவிட்டால் ஸ்கேன் பெற்றோருக்குப் பயத்தையே கொடுக்கும்.

திமிர்வாதக்காரனை நான்கு பேர் கூரை வழியாய் இயேசுவினிடத்தில் இறக்கினதை அறிவோம். ஒருவர் கைவிட்டிருந்தாலும் கட்டில் சரிந்திருக்கும். கிராமத்துச் செவிலியர், ஸ்கேன் எடுப்பவர், தூரத்து நிபுணர், காணிக்கையால் தாங்கும் நீங்கள் ஆகிய நால்வரும் சேர்ந்தே இந்தச் சிறு இருதயங்களைச் சுமக்கிறோம்.

ஜெபக் குறிப்பு: குறை உண்டென்று கேட்டுக் கலங்கி நிற்கும் தாய்மாருக்காகவும், அவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லும் டாக்டர்களுக்காகவும் ஜெபியுங்கள்.