கோலார் தங்கவயலும் காவிரியும்

முசிறியைத் தழுவிச் செல்லும் காவிரிக்கும் கோலார் தங்கவயலுக்கும் உள்ள உறவை மாணவருட் பலர் அறியார். 1902ஆம் ஆண்டு சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து முதலில் சென்றடைந்தது அச்சுரங்கங்களையே.

கோலார்ப் பாறைகள் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுத் தொன்மையுடையன. எரிமலைக் குழம்பு இறுகி, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிக் கரும்பாறையாயிற்று. அதன் பிளவுகளில், வெந்நீரில் கரைந்து வந்த பொன் வெண்ணிறக் குவார்ட்சுக் கல்லோடு படிந்தது.

பண்டைக்காலம் முதலே அங்குப் பொன் அகழ்ந்தனர். 1802இல் வாரன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, ஊரார் பொன்மண் அரிப்பதைக் கண்டறிந்தார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இயந்திரங்களோடு வந்தது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்ற நிலமற்ற தமிழர் சுரங்கத்துள் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அழுத்தம் தாங்காது பாறைகள் வெடித்துச் சிதறின. கல்தூசி நுரையீரலை அரித்தது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. இறுதிக் காலத்தில் ஒரு டன் பாறையில் ஏறத்தாழ 3 கிராம் பொன்னே கிடைத்தது. செலவு வரவை விஞ்சியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியவை சயனைடு கலந்த கழிவுமண் மேடுகளும், வேலையிழந்த குடும்பங்களுமே.

எடுத்த பொன் ஏறத்தாழ 800 டன் எனக் கணக்குண்டு. அதனை எடுத்தோர் வாழ்வுக்கு அத்தகைய கணக்கில்லை. அவர்தம் வாய்மொழி வரலாறு மறையுமுன் அதனைத் தொகுத்தல் தமிழ் மாணவர் கடனாகும்.