மேஸ்திரி சொல்லும் விதி, சுவரில் தொங்கும் விதி

கேள்வி: ஐயா, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருக்கிறேன். யாருக்காவது அடிபட்டால் எங்கள் மேஸ்திரி “எல்லாம் விதிப்பா” என்று முடித்துவிடுவார். கூட வேலை செய்யும் சூலூர்ப்பேட்டைக்காரர் “தலராத” என்பார். பீகார் தம்பி “கிஸ்மத்” என்பான். எல்லாம் ஒரே பொருள்தானா? திருக்குறளில் வரும் ஊழும் இதுதானா? இன்னொன்று. ஒரு விசாரணை நடந்தது, முடிவை முதலிலேயே எடுத்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். இதை சங்க நோட்டீஸில் எழுத வேண்டும். ‘விதிக்கப்பட்ட தீர்ப்பு’ என்று போடலாமா?
வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: மூவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது எப்படி நடந்தது என்று மூன்று சொற்களும் மூன்று கதை சொல்கின்றன.

சூலூர்ப்பேட்டைக்காரரின் தலராதவும் நம் தலையெழுத்தும் ஒரே அச்சு. தல என்றால் தலை, ராத என்றால் எழுத்து. பிறக்கும்போதே பிரமன் எழுதிவிட்டான் என்பது கதை. எழுதியவன் ஒருவன் இருந்தால் அவனிடம் போய்த் திருத்தச் சொல்லலாமே? சொல்கிறார்கள். திருச்சிப் பக்கம் திருப்பட்டூரில் பிரம்மபுரீசுவரர் கோயிலுக்கு ஜாதகத்தோடு போகும் கூட்டம் அதற்குத்தான் போகிறது. அவ்வளவு தூரம் எதற்கு, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சிறுவாபுரி இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் பாலசுப்பிரமணியரிடம் சொந்த வீடு கேட்டுப் போகிறவர்கள் அங்கே சின்னதாகக் கல் அடுக்கிவிட்டு வருகிறார்கள். வீடு இல்லை என்றுதான் தலையில் எழுதியிருந்தால், எத்தனை செவ்வாய் போய் என்ன? ஆனாலும் போகிறார்கள். நம்மை விதிக்கு அடங்கிப்போகிற சனம் என்பவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்கட்டும். நாம் விதியோடு பேரம் பேசுகிற சனம்.

பீகார் தம்பியின் கிஸ்மத் வேறு வழியில் வருகிறது. அது அரபுச் சொல். பங்கு போடுதல் என்று பொருள். தமிழ் முஸ்லிம் வீடுகளில் சொல்லும் நசீபுக்கும் பங்கு என்பதே அடிப்பொருள். பாக்கியம் என்ற சொல்லில் பாகம் இருக்கிறது. கிரேக்கர்கள் விதித் தெய்வத்துக்கு மொய்ரா என்று பெயர் வைத்தார்கள், அதற்கும் பங்கு என்றுதான் பொருள். தமிழில் இந்தக் குடும்பத்துச் சொல் ‘பால்’. ஆண்பால், பெண்பால், அறத்துப்பால் என்கிறோமே, அதே பகுப்புதான். தொல்காப்பியம் ‘பால்வரை தெய்வம்’ என்கிறது, அதாவது இன்னாருக்கு இன்னது என்று வரையறுக்கும் தெய்வம். தலைவனும் தலைவியும் முதன்முதலில் எதிர்ப்படுவதும் பாலின் ஆணையால்தான் என்கிறது அந்த நூல். எழுத்துக் கதையில் தனியாக உட்கார்ந்திருக்கிறோம். பங்குக் கதையில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். நம் இலையில் விழாதது பக்கத்து இலையில் விழுந்திருக்கும்.

ஊழ் இந்த இரண்டிலும் சேராது. ஊழ்த்தல் என்றால் முதிர்தல், மலர்தல். கற்றதை எடுத்துச் சொல்லத் தெரியாதவரை மணக்காத பூவோடு ஒப்பிடும் 650-ஆம் குறளில் ‘ஊழ்த்தும்’ என்ற சொல் மலர்ந்தும் என்ற பொருளில்தான் வருகிறது. முறை, அடைவு என்றும் ஊழுக்குப் பொருள் உண்டு. கணியன் பூங்குன்றனார் புறநானூறு 192-ஆம் பாடலில் கையாள்வதும் ‘முறை’ என்ற சொல்லைத்தான். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி என்று ஏழையும் ஒரே பொருளுக்கு வைத்தார். உரைக்கு அது சரி. நான் அப்படி ஒரே தட்டில் வைக்கமாட்டேன். ஊழில் எழுதுகிறவனும் இல்லை, பங்கு போடுகிறவனும் இல்லை. செய்தது முதிர்ந்து, தன் முறை வந்ததும் நடக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் மேஸ்திரியைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான். வள்ளுவர் ஊழுக்குத் தனியாக ஓர் இயலே வைத்தார். ஒரே அதிகாரம் கொண்ட அந்த இயல் அறத்துப்பாலின் கடைசியில் இருக்கிறது. அதை முடிக்கும் 380-ஆம் குறளில், ஊழைவிட வலியது எது என்று கேட்கிறார். அவரே பொருட்பாலில், ஆள்வினையுடைமையை முடிக்கும் 620-இல், தளராமல் முயல்கிறவர்கள் ஊழையும் புறங்காட்டி ஓடவைப்பார்கள் என்கிறார். இது முரண் என்று சண்டை போட்டவர்கள் உண்டு. எனக்கு முரணாகத் தெரியவில்லை. முதலாவது நடந்து முடிந்த பிறகு மனத்தைத் தேற்றச் சொன்னது, இரண்டாவது நடப்பதற்கு முன்னால் கையில் வேலையோடு நிற்பவனுக்குச் சொன்னது. அடிபட்டவரின் அம்மா ‘விதி’ என்று அழலாம், அதைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. உருளைக்குக் காப்பு மாட்ட வேண்டிய பொறுப்பில் இருப்பவர் அதே சொல்லைச் சொன்னால், அது வேறு காரியத்துக்கான சொல்.

அவர் பிடித்துக்கொண்ட சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருள் இருப்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். வகுத்து வைத்தது எதுவும் விதிதான். ‘தமிழ்நாடு தொழிற்சாலைகள் விதிகள், 1950’ என்ற தலைப்பில் இருப்பதும் அந்த விதியே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இயந்திரங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 21-ஆம் பிரிவில் சொன்னது. உயிர்போன விபத்தையும், 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வரமுடியாமல் செய்த விபத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று 88-ஆம் பிரிவில் சொன்னது. சட்டத்தின் சுருக்கத்தைப் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் சுவரில் மாட்டவேண்டும் என்றும் சொன்னது. (இன்றைய கும்மிடிப்பூண்டியில் அந்தப் பலகை இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.) இப்போது சட்டங்களைப் புதுத் தொகுப்புகளாக மாற்றிவிட்டார்கள், ஆனாலும் இந்தக் கடமைகள் போய்விடவில்லை.

முன்கூட்டியே எழுதி வைத்தது என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் பிரமனின் ஏட்டை நான் காட்டமாட்டேன். 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைக் காட்டுவேன். வேலையில் இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்கச் சொன்னது அது. வயது முப்பது என்றால் 207.98, நாற்பது என்றால் 184.17. முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய தேவையும் இல்லை. விபத்து நடப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே எழுதிவைத்த எண் இது, கண்ணுக்கும் தெரிகிறது. இஎஸ்ஐ உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு.

சொற்கள் என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பேச்சில் விதி, தலையெழுத்து, கர்மம் மூன்றும் பெரும்பாலும் கெட்டதற்கு மட்டுமே வரும். லாட்டரி விழுந்தவனை ‘விதி’ என்று யாரும் சொல்வதில்லை. அவனுக்கு யோகம், அதிர்ஷ்டம், கொடுப்பினை. எனக்குப் பிடித்தது கொடுப்பினை. கொடுத்து வைத்தவன் என்றால், வாங்கியவன் என்று பொருளில்லை, முன்பு எங்கோ யாருக்கோ கொடுத்தவன். வள்ளுவர் இப்படிப் பாரபட்சம் காட்டாமல் ஆகூழ், போகூழ் என்று இரண்டுக்கும் ஒரே சொல்லில் இடம் தந்தார்.

இனி உங்கள் நோட்டீஸ். ‘விதிக்கப்பட்ட தீர்ப்பு’ வேண்டாம். அபராதம் விதித்தார்கள் என்பது போல முறைப்படி நடந்ததாகவே அது படிக்கப்படும். ‘ஊழ்’ போட்டால் நிர்வாகமே மகிழ்ந்து கையெழுத்துப் போடும். ஆட்கள் உட்கார்ந்து முடிவெடுத்ததற்கு ஆட்களைக் காட்டும் சொல் வேண்டும். ‘முன்முடிவோடு நடத்திய விசாரணை’ என்று எழுதுங்கள். முன்முடிவு என்றால் எடுத்தவர் யார் என்ற கேள்வி தானாக வரும். கூட்டத்தில் பேசும்போது ‘கண்துடைப்பு’ என்றால் போதும், எல்லாருக்கும் புரியும். நோட்டீஸில் மட்டும் அதைத் தவிருங்கள், நாளைக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தில் அந்தத் தாள் வாசிக்கப்படலாம். விசாரணைக் கடிதத்தின் தேதியையும், தண்டனை உத்தரவின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துவிடுங்கள்.