கோட்டெட்சு என்று எழுதியிருக்கிறது, எழுதியது அவர்தானா?

கேள்வி: வக்கீல் சார், ஜப்பானில் கவாசாகியில் குடியிருக்கிறேன். மென்பொருள் வேலை. போன வருடம் டோக்கியோவில் ஒரு பழம்பொருள் கடையில் 9,80,000 யென் கொடுத்து ஒரு வாகிசாஷி குறுவாள் வாங்கினேன். பிடிக்குள் இருக்கும் காம்பில் 'நாகசோனே ஒகிசாட்டோ நியூடோ கோட்டெட்சு' என்று பொறித்திருக்கிறது. "எடோ காலத்துப் பெரிய கொல்லர், கையெழுத்தும் இருக்கிறது" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். கல்வி வாரிய முத்திரையோடு வந்த பதிவு அட்டையிலும் அதே பெயர் இருக்கிறது. போன மாதம் வாள் சேகரிக்கும் ஜப்பானிய நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, கையெழுத்து போலி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கடையில் போய்க் கேட்டால், "அரசாங்கமே பதிந்து கொடுத்திருக்கிறது, எங்களை ஏன் கேட்கிறீர்கள்" என்கிறார்கள். கையெழுத்து உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பணம் திரும்பக் கிடைக்குமா? கடையின் பெயரைப் போட்டு முகநூலில் எழுதலாமா? அடுத்த வருடம் கோவைக்கே திரும்புகிறேன். வாளையும் கொண்டுவர முடியுமா?

பதில்: முதலில் அந்தப் பதிவு அட்டை. கடைக்காரர் அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் அவர் சொல்கிற வேலையை அந்த அட்டை செய்வதில்லை. ஜப்பானில் 1958-ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பழைய முறையில் அடித்த கலைமதிப்புள்ள வாள் என்றால் அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். மாவட்ட அளவில் இருக்கும் கல்வி வாரியம் அந்த அட்டையைத் தருகிறது. என்ன வகை வாள், எத்தனை சென்டிமீட்டர் நீளம், எவ்வளவு வளைவு, காம்பில் எத்தனை ஆணித்துளை, முன்பக்கமும் பின்பக்கமும் என்ன பொறித்திருக்கிறது என்பவை அதில் இருக்கும். பொறித்திருப்பதைப் பார்த்தபடி எழுதிக்கொள்வதோடு வாரியத்தின் வேலை முடிந்தது. பொறித்தவர் யார் என்று வாரியம் விசாரிப்பதில்லை, சான்று சொல்வதுமில்லை. போலிக் கையெழுத்துள்ள வாளுக்கும் இதே அட்டைதான், இதே முத்திரைதான். "அரசாங்கமே சொல்லிவிட்டது" என்ற பேச்சை இனி யார் எடுத்தாலும் நீங்கள் அசைந்துகொடுக்க வேண்டாம்.

அட்டையைப் பற்றிப் பேசும்போதே ஒன்று கேட்டுவிடுகிறேன். வாங்கிய 20 நாளுக்குள் உரிமையாளர் மாற்றத்தைத் தெரிவித்தீர்களா? நீங்கள் குடியிருக்கும் ஊரின் வாரியத்துக்கு அல்ல, அட்டையைக் கொடுத்த வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். வழக்காடப் போகிறவர் தன் பக்கம் ஓட்டை வைத்துக்கொண்டு போகக் கூடாது.

இனி கையெழுத்துக்கு வருவோம். நான் வக்கீல், வாள் நிபுணன் அல்ல. ஆனாலும் இப்படிப்பட்ட வழக்கில் எது சான்றாக நிற்கும் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். கோட்டெட்சு 17-ஆம் நூற்றாண்டுக்காரர். கவசம் செய்யும் கொல்லராக இருந்து, பிறகு இன்றைய டோக்கியோவான எடோவுக்கு வந்து வாளடித்துப் பேர் வாங்கினார். உயிரோடு இருக்கும்போதே அவர் பெயருக்கு இருந்த கிராக்கியால் போலிகள் குவிந்தன. கோட்டெட்சு என்று கண்டால் முதலில் போலி என்றே நினை என்பது ஜப்பானியச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் புழங்கும் பேச்சு. ஷின்செங்குமி படைத்தலைவர் கோண்டோ இசாமி பெருமையோடு இடுப்பில் செருகியிருந்த கோட்டெட்சுவே போலிதான் என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. மெய்ஜி காலத்தில் 'காஜிஹெய்' என்று பேர் பெற்ற ஹொசோடா நவோமிட்சு என்ற கொல்லர் பெரிய பெரிய கையெழுத்துகளையெல்லாம் போலியாகப் பொறித்துத் தள்ளினார். பொறித்தவற்றைப் படியெடுத்து ஏடாகவும் வைத்திருந்தார். அந்த ஏடு பிற்காலத்தில் அச்சாகி, போலிகளைப் பிடிக்க உதவுகிறது. குற்றவாளியே சாட்சிப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் தொழிலில் அபூர்வம்.

அதனால் உங்கள் நண்பரின் ஒற்றை வார்த்தையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நீதிமன்றத்தில் அது அவருடைய அபிப்பிராயம் மட்டும்தான். நிபுணர்கள் என்ன பார்க்கிறார்கள் என்றால், முதலில் வாளின் உடலைப் பார்க்கிறார்கள். கோட்டெட்சுவின் பிற்கால வேலையில், வெட்டுவிளிம்பை ஒட்டி ஓடும் வெண்கோடு ஜெபமாலை மணிகளைக் கோத்தது போல உருண்டு உருண்டு வரும். இரும்பின் தெளிவும் தனியாகத் தெரியும். உடல் அவருடையது இல்லை என்று பட்டால், கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் பேச்சு அங்கேயே முடிந்தது. உடல் ஒத்துவந்தால் பிறகு காம்பு. பழைய காம்பின் துரு ஆழ்ந்த நிறத்தில் ஒரே சீராகப் படிந்திருக்கும். உளி இரும்பில் இறங்கும்போது கோட்டின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி ஒரு சிறு வரப்பு எழும்பும். முந்நூறு வருடத்தில் அந்த வரப்பு தேய்ந்து மழுங்கியிருக்க வேண்டும், கோட்டின் உள்ளேயும் வெளியேயும் துரு ஒரே வயதாகத் தெரிய வேண்டும். வெளியே கறுத்துப்போய் கோட்டுக்குள் மட்டும் இளந்துருவாக இருந்தால் சந்தேகம்தான். பிறகு எழுத்தின் போக்கு. கோட்டெட்சு தன் பெயரில் வரும் புலி என்ற எழுத்தை முதலில் வால் சுழித்த மாதிரி பொறித்தார். 1664 வாக்கில் பெட்டி மாதிரி சதுரமாக மாற்றிக்கொண்டார். ஆகவே ஆண்டுக்கும் எழுத்தின் வடிவத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா, வாளின் வேலைப்பாடு அந்தப் பருவத்தோடு ஒத்துப்போகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களே பூதக்கண்ணாடியோடு உட்கார வேண்டாம். உட்கார்ந்தாலும் சரி, காம்பைத் தொட்டுத் துடைக்க வேண்டாம். துருவைச் சுரண்டாதீர்கள், எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். போலிக் கையெழுத்தை அழித்துவிட்டால் வாளுக்கு நல்ல சான்றிதழ் கிடைக்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். சேகரிப்பாளர்கள் செய்வதுதான். ஆனால் உங்கள் விஷயத்தில் அது சான்றை உங்கள் கையாலேயே அழிப்பதாகும். பதிவு அட்டைக்கும் வாளுக்கும் பொருத்தமில்லாமலும் போய்விடும். இப்போது இருக்கும் நிலையிலேயே காம்பின் இரண்டு பக்கத்தையும் அளவுகோல் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள்.

பிறகு வாளை நிஹோன் பிஜுட்சு டோக்கென் ஹோஸோன் க்யோக்காய் என்ற கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் 'ஷின்சா' பரிசோதனைக்குக் கொடுங்கள். 1948-இல் தொடங்கிய சங்கம். டோக்கியோ ரியோகோக்குவில் அவர்களுடைய வாள் அருங்காட்சியகம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் என்பது தடையில்லை. எடுத்துப் போகும்போது உறையில் போட்டுப் பையில் கட்டி, பதிவு அட்டையைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தேறினால் 'ஹோஸோன்' சான்றிதழ் வரும், மேலே இன்னும் மூன்று படிகள் உண்டு. தேறாவிட்டால் சான்றிதழ் வராது, அவ்வளவுதான். இங்கே கவனம் வேண்டும். வெட்டுவிளிம்பில் விரிசல் மாதிரியான பெரிய சேதத்தாலும் வாள் தேறாமல் போகலாம். எனவே 'தேறவில்லை' என்ற முடிவை மட்டும் வைத்து 'கையெழுத்து போலி' என்று நிரூபித்துவிட முடியாது. கையெழுத்தைப் பற்றியே பேசும் தனி அபிப்பிராயம் ஒன்றை, அனுபவமுள்ள வாள் ஆய்வாளரிடமோ சாணைபிடிக்கும் கலைஞரிடமோ எழுத்தில் வாங்குங்கள். நிரூபிக்கும் பாரம் வாங்கியவராகிய உங்கள் தலையில். நீதிமன்றம் ஒரு நிபுணரை நியமிக்கலாம், ஆனால் அதுவரை போகத் தகுந்த முகாந்திரத்தை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவும் செய்து கையெழுத்து போலி என்றே ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பணம் வந்துவிடுமா? தானாக வராது. கையெழுத்து உண்மையா என்பது ஒரு கேள்வி. கடைக்காரர் என்ன சொல்லி விற்றார் என்பது வேறு கேள்வி. உங்கள் வழக்கு இரண்டாவதில்தான் நிற்கும் அல்லது விழும். அவர் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதை இன்னொரு முறை படியுங்கள். எடோ காலத்துப் பெரிய கொல்லர். சரி, கோட்டெட்சு பெரிய கொல்லர்தான். கையெழுத்தும் இருக்கிறது. சரி, இருக்கத்தான் செய்கிறது. இந்தக் கையெழுத்து அவர் போட்டது என்று சொன்னாரா? சொல்லவில்லை என்று அவருடைய வக்கீல் நிச்சயம் வாதிடுவார். ரசீதில் பெயர் மட்டும் இருக்கிறதா, அல்லது 'உண்மையானது', 'கடையின் உத்தரவாதம்' என்பது போல ஏதாவது இருக்கிறதா? பரிசோதனையில் தேறாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று வாய்வார்த்தையாகவாவது சொன்னார்களா? கடையின் விளம்பரப் பக்கம், மின்னஞ்சல், லைன் செயலியில் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் இன்றே படமெடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தப் பக்கம் இருக்குமோ இருக்காதோ.

விலையையும் விட மாட்டார்கள். சான்றிதழோடு வரும் உண்மையான கோட்டெட்சு உங்கள் விலைக்கு வராது, பல மடங்கு வைக்க வேண்டும். "இந்த விலைக்கு உண்மையானதென்று எப்படி நம்பினீர்கள்?" என்ற கேள்வி வரும். முதல் முறை வாங்குகிறேன், விலை தெரியாது, கடையை நம்பினேன் என்பது நேர்மையான பதில். நீங்கள் நாலைந்து வாள் வாங்கிய சேகரிப்பாளர் என்றால் அந்தப் பதில் எடுபடாது.

சட்டத்தில் உங்களுக்குப் பலமான வழி நுகர்வோர் ஒப்பந்தச் சட்டம். விற்றவர் வியாபாரி, நீங்கள் தனிநபர் என்பதால் அது பொருந்தும். முக்கியமான ஒரு விஷயத்தில் உண்மைக்கு மாறானதைச் சொல்லி, அதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று காட்ட வேண்டியதில்லை, அவரும் ஏமாந்திருந்தாலும் செல்லும். ஆனால் உண்மை தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு, ஒப்பந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஐந்து வருடம். இதோடு குடிமையியல் சட்டத்தின் 95-ஆம் பிரிவு இருக்கிறது. இது உண்மையான கோட்டெட்சு என்ற அடிப்படையில்தான் பேரம் நடந்தது என்பது வெளிப்படையாக இருந்து, அந்த அடிப்படையே தவறென்றால் ரத்து கேட்கலாம். இருவரும் ஒரே தவறை நம்பியிருந்தால், 'நீங்கள் கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்று அவர் தப்பிக்க முடியாது. சொன்ன தரத்தில் பொருள் இல்லை என்ற வாதமும் உண்டு. அதற்கும் குறை தெரிந்த ஒரு வருடத்துக்குள் அவருக்கு அறிவித்தாக வேண்டும். நண்பர் சொன்ன நாளிலிருந்தே கெடு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம்.

மோசடி என்று போலீசுக்குப் போகலாமா என்று கேட்டால், கடைக்காரருக்குப் போலி என்று தெரிந்திருந்தது என்பதைக் காட்ட வேண்டும், அது கஷ்டம். ஒரு வழி இருக்கிறது. பழம்பொருள் வியாபாரிகள் யாரிடம் என்ன வாங்கினோம் என்ற ஏட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் அதைக் கேட்கலாம். போலி என்று சொல்லி வாங்கிய வாளை வாயை மூடிக்கொண்டு உங்களிடம் விற்றிருந்தால் கதை வேறு. அப்போது ரசீதில் 'திருப்பி எடுக்கப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் அது அவரைக் காப்பாற்றாது. தெரிந்தே மறைத்ததற்கு அப்படி விலக்குப் பெற முடியாது.

முதல் அடி, 'நைய்யோ ஷோமேய்' எனப்படும் உள்ளடக்கச் சான்றுத் தபால். நீங்கள் என்ன எழுதினீர்கள், எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்பதற்கு அஞ்சலகமே சாட்சி. மேலிருந்து கீழாக எழுதினால் பக்கத்துக்கு 26 வரி, வரிக்கு 20 எழுத்து என்று கணக்கு பார்ப்பார்கள், ஆகவே ஜப்பானிய வக்கீலிடமோ எழுத்தரிடமோ கொடுத்து எழுதுவது நல்லது. 'ஏமாற்றினீர்கள்' என்ற சொல் வேண்டாம். இன்ன நாள் வாங்கினேன், இப்படிச் சொன்னீர்கள், இன்ன அபிப்பிராயம் வந்திருக்கிறது, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், பணத்தைத் தந்து வாளைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பது போதும். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வருவார்கள். முன்னதாக 188 என்ற எண்ணில் நுகர்வோர் ஆலோசனை கேட்கலாம், இலவசம்தான். வழக்கென்றால் 14 லட்சம் யென் வரை எளிய நீதிமன்றம் பார்க்கும். ஒரே நாளில் முடிக்கும் சிறுதொகை வழக்குக்கு 6 லட்சம் யென் உச்சவரம்பு, உங்கள் தொகை அதைத் தாண்டிவிட்டது.

முகநூலில் எழுதாதீர்கள். ஜப்பானில் சொன்னது உண்மையாக இருந்தாலும் அவதூறு வழக்கு வரலாம். பொதுநலன் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். கையில் இருப்பதும் ஒரு நண்பரின் வாய்வார்த்தைதான். இன்னொன்று, சந்தேகம் வந்துவிட்ட பிறகு இதே வாளை 'கோட்டெட்சு' என்று வேறொருவர் தலையில் கட்டினால், கடைக்காரருக்குத் தெரியுமா தெரியாதா என்று நாம் தடவிக்கொண்டிருக்கும் கேள்வி உங்கள் விஷயத்தில் எழவே எழாது. உங்களுக்குத் தெரியும்.

கோவைக்குக் கொண்டுபோவதை வழக்கு முடியும்வரை தள்ளிப்போடுங்கள். வாள்தான் பிரதான சான்று, அது நாட்டைவிட்டுப் போனால் நிபுணர் எதைப் பார்ப்பார்? முடிந்த பிறகும் கொண்டுபோவதென்றால் கலாசார முகமையின் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும், பதிவு அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தியப் பக்கத்தில் ஆயுத விதிகள் 2016 ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட வாளை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கிறது. சுங்கத்திடமும் கோவைக் காவல்துறையிடமும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பெட்டியில் வையுங்கள்.

கடைக்காரர் பணத்தைத் தந்து வாளை எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் வாளை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். உரிமையாளர் மாற்றத்தை அவர் 20 நாளுக்குள் கல்வி வாரியத்துக்கு அறிவிப்பதாக எழுதி வாங்குங்கள், அனுப்பியதற்கான நகலையும் கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் கோவையில் இருப்பீர்கள், டோக்கியோவில் ஒரு வாள் உங்கள் பெயரிலேயே பதிவில் கிடக்கும்.