பனிக்காலத்து இராட்டை

நுழையும்முன்

குளிர்கால விடுமுறை என்றவுடன் விளையாட்டும் ஊர்ப்பயணமும் நினைவுக்கு வரும். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலோ அவ்விடுமுறையின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே கழிகிறது. அந்நாள்களில் வீட்டின் ஒரு மூலையில் சுழலும் இராட்டையைப் பற்றியும் அதனைச் சுழற்றும் கைகளைப் பற்றியும் இப்பாடம் கூறுகிறது.

காஷ்மீர் மக்கள் தம் பனிக்காலத்தை மூன்றாகப் பகுத்துப் பெயரிட்டுள்ளனர். டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி 40 நாள் நீடிக்கும் கடுங்குளிர்க் காலத்திற்குச் 'சில்லாய் கலான்' என்று பெயர். அதனை அடுத்த 20 நாள் 'சில்லாய் குர்த்'. இறுதி 10 நாள் 'சில்லாய் பச்சா'. கலான் என்றால் பெரியது. குர்த் என்றால் சிறியது. பச்சா என்றால் குழந்தை. பெரியவராய் வரும் குளிர், குழந்தையாய் விடைபெறுகிறது.

சில்லாய் கலான் நாள்களில் குழாய்களில் நீர் உறைந்துவிடும். தால் ஏரியின் மேற்பரப்பிலும் பனிக்கட்டி படரும். பள்ளிகள் நீண்ட விடுமுறையில் இருக்கும். கோடையிலேயே வெயிலில் உலர்த்தி வைத்த கத்தரிக்காய், சுரைக்காய் வற்றல்கள் சமையலுக்கு உதவும். குழந்தை முதல் முதியவர் வரை அனைவரும் 'பெரன்' என்னும் தளர்ந்த நீள் அங்கியை அணிந்திருப்பர். அதனுள்ளே 'கங்ரி' இருக்கும். தணல் இட்ட சிறிய மண்சட்டியைச் சுற்றிப் பிரம்புபோன்ற மெல்லிய குச்சிகளால் கூடை பின்னிய கணப்பே கங்ரி ஆகும்.

ஸ்ரீநகரின் பழைய பகுதியில் ஒரு வீடு. வாயிலில் முழங்கால் அளவு பனி குவிந்திருந்தது. உள்ளறையில் பாட்டியும் தாயும் ஆறாம் வகுப்பில் படிக்கும் சிறுமியும் இருந்தனர். தந்தை அங்கில்லை. அவர் சால்வை மூட்டையுடன் சமவெளி நகரங்களுக்குச் சென்றிருந்தார். குளிர் தொடங்கும்போது புறப்படும் அவர், பனி உருகும்போதுதான் வீடு திரும்புவார். பிழைப்புக்காக இவ்வாறு ஊர் கடந்து செல்லும் காஷ்மீர் வணிகர் பலர். மாமல்லபுரம், கொடைக்கானல் போன்ற தமிழக ஊர்களில் கடை வைத்திருப்போரும் உண்டு.

சன்னல் ஓரத்தில் பாட்டி இராட்டையின் முன் அமர்ந்திருந்தார். காஷ்மீர மொழியில் அதற்கு 'யெந்தர்' என்று பெயர். அவர் மடியில் கிடந்தது பஷ்மினா இழை. லடாக்கின் சாங்தாங் பீடபூமி, கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கு வாழும் வெள்ளாடுகளின் வெளிமயிருக்கு அடியில், குளிரைத் தாங்குவதற்கென்றே மென்மையான உள்மயிர் வளர்கிறது. இளவேனிலில் மேய்ப்பர்கள் அதனைச் சீப்பால் வாரி எடுக்கின்றனர். அவ்விழையின் பருமன் ஏறத்தாழ 12 முதல் 16 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதரின் தலைமுடியோடு ஒப்பிட்டால், அதன் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே ஆகும்.

இத்துணை நுண்ணிய இழை எளிதில் அறுந்துவிடும். ஆகவே, முதலில் அதிலுள்ள முரட்டு மயிரை நீக்குவர். பின்னர் அரிசி மாவு சேர்த்து வைத்து இழைக்கு வலுவூட்டுவர். அதன்பின் மாவை உதறிச் சீவி, சிறுசிறு பட்டைகளாக்கி நூற்பர். பாட்டி வலக்கையால் சக்கரத்தைச் சுற்றினார். இடக்கை விரல்களுக்கிடையே இருந்த இழையை மெல்ல மேலே இழுத்தார். காண்பதற்கே அரிதான ஒரு நூல், கதிரில் சுற்றிக்கொண்டது.

நூற்ற நூலை எடை போட்டு விற்பதில்லை. ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள பத்து இழைகளைச் சேர்த்து ஒரு முடிச்சு இடுவர். அம்முடிச்சே கூலிக்கு அளவு. பல ஆண்டுகளாக ஒரு முடிச்சுக்கு ஒரு ரூபாய் என்பதே வழங்கிவந்த கூலி. அன்று காலை முதல் பாட்டி இட்ட முடிச்சுகளைச் சிறுமி எண்ணினாள். 25 இருந்தன.

"பாட்டி, அப்பா விற்கும் சால்வை ஒன்றின் விலை பல ஆயிரம் ரூபாய். உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?" என்று கேட்டாள்.

பாட்டி சக்கரத்தை நிறுத்தவில்லை. "சால்வையில் நெசவு கண்ணுக்குத் தெரியும். அதன்மேல் ஊசியால் இட்ட பூவேலையும் தெரியும். நூலை யார் பார்க்கிறார்கள்?" என்றார்.

சிறுமி தாயை நோக்கினாள். தாயும் நூற்கக் கற்றவரே. ஆனால் அவர் இராட்டையைத் தொட்டு ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. "இரண்டு சட்டை தைத்தால் இதைவிட மிகுதியாகக் கிடைக்கிறது. அதனால்தான் விட்டேன். வெறுத்து விடவில்லை" என்றார் தாய்.

அவ்வாறு இராட்டையை விட்ட பெண்கள் பலர். இயந்திர நூற்பும் அவர்களுடைய வேலையைக் குறைத்தது. இயந்திரத்தின் இழுவிசையைப் பஷ்மினா இழை தாங்காது. ஆகவே அதனுடன் நைலான் இழையைக் கலந்து நூற்று, நெய்த பின்னர் அமிலத்தால் நைலானைக் கரைத்து நீக்குவதுண்டு. இதனால் துணியின் வலிமை குன்றுகிறது. 'காஷ்மீர் பஷ்மினா' 2008ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்த துணிக்கே அக்குறியீடு உரியது. எனவே, இராட்டை நின்றுபோனால் அப்பெயருக்கு உரிய துணியும் இல்லாமற் போகும்.

அன்று மாலை மின்சாரம் தடைப்பட்டது. மூவரும் ஒரே கம்பளியின்கீழ்க் கால்களை நீட்டி அமர்ந்தனர். "எனக்கு நூற்கக் கற்றுத் தருவீர்களா?" என்று சிறுமி கேட்டாள். பாட்டி உடனே விடை கூறவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்தார். "கற்கட்டும். ஆனால் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு இராட்டையைத் தொடக் கூடாது" என்றார் தாய்.

முதல் நாள் சிறுமி இழுத்த இழை ஒவ்வொன்றும் அறுந்தது. இரண்டாம் நாளும் அறுந்தது. "கை இழுக்கக் கூடாது, இழை வரும் வரை கை காத்திருக்க வேண்டும்" என்றார் பாட்டி. சில்லாய் கலான் முடியும் வேளையில், மேடும் பள்ளமுமாக ஒரு முடிச்சு அளவு நூல் அவளுக்குக் கிடைத்தது. அந்த ஒரு முடிச்சுக்குப் பின்னர்தான் பாட்டியின் 25 முடிச்சுகளின் அருமை அவளுக்கு விளங்கியது.

அன்றிரவு தந்தை தொலைபேசியில் பேசினார். உணவு, உடல்நலம், பனி ஆகியவற்றை விசாரித்தார். சிறுமி கேட்டாள்: "அப்பா, சால்வை வாங்குபவர்களிடம் அதை நூற்றவர் யார் என்று சொல்வீர்களா?"

"யாரும் கேட்பதில்லையே, மகளே!"

"கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "நாளை முதல் சொல்கிறேன்" என்றார் தந்தை. சன்னல் ஓரத்தில் இராட்டை சுழலும் ஓசை தொலைபேசியின் வழியே அவருக்கும் கேட்டிருக்கும்.

தெரிந்து தெளிவோம்

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். நன்னூல் இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுகிறது. அதன்படி, சொற்களே பஞ்சு, புலவரே நூற்கும் பெண், அவருடைய வாயே கை, அறிவே கதிர்.

சொல்லும் பொருளும்

இராட்டை – நூல் நூற்கும் கருவி
கதிர் – நூற்ற நூல் சுற்றிக்கொள்ளும் கம்பி
தணல் – எரிந்து கனிந்த நெருப்பு
கணப்பு – குளிர்காயும் நெருப்புச் சட்டி
சாண் – கட்டைவிரல் நுனிமுதல் சுண்டுவிரல் நுனிவரை விரித்த கையளவு
இளவேனில் – கோடையின் தொடக்கப் பருவம்

மதிப்பீடு

1. காஷ்மீரப் பனிக்காலத்தின் மூன்று பகுதிகள் யாவை?
2. பஷ்மினா இழையுடன் அரிசி மாவு சேர்ப்பது ஏன்?
3. "நூலை யார் பார்க்கிறார்கள்?" என்று பாட்டி கூறியதன் பொருளை விளக்குக.
4. பிரித்து எழுதுக: அம்முடிச்சு, இவ்விரண்டு, கைத்தறி.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டில் நாள்தோறும் நடைபெற்றும் யாரும் கவனிக்காத ஒரு வேலை எது? அதனைச் செய்பவரிடம் கேட்டு அறிந்து, பத்து வரிகளில் எழுதுக. எழுதியதை முதலில் அவருக்கே படித்துக் காட்டுக.